முந்நூற்று நாற்பது மில்லிசெகண்ட்

பத்து நாற்பதுக்கு அனுப்பியாயிற்று. இனி நாற்பது நிமிடம். திரையின் ஓரத்தில் மஞ்சள் பொட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பதினேழில் பூஜ்யம் என்று எண். இயந்திரம் தானே ஓட்டும் பதினேழு சோதனைகளும் தேறினால் பொட்டு பச்சையாகும், பச்சையானால் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை, அவள் அனுப்பிய மாற்றம் தானாகவே போய் மூல நிரலோடு சேர்ந்துவிடும், சேர்ந்துவிட்டால் சேர்ந்ததுதான், பிரம்மாவே வந்தாலும் அந்த வரலாற்றைத் திருத்த முடியாது. அவள் அனுப்பிய மாற்றம். அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறது. எழுதியவர், மங்கை ந. முழுப்பெயர் மங்கையர்க்கரசி, அது எந்தக் கட்டத்திலும் அடங்காது என்று காலேஜிலேயே வெட்டிக்கொண்டாள். அந்த ந-வுக்குள் அப்பா இருக்கிறார் என்று இந்த மூன்று வாரத்தில் எத்தனை தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருப்பாள். நடனசபாபதி என்கிற மனுஷர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, மகள் பெயருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிறார். அது போதாதா என்றால், போதாது, அது அவளுக்கே தெரியும். மாற்றம் போய்ச் சேரவிருப்பது, கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருளில். எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதிச் சேர்ப்பது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். கூலி கிடையாது. திருத்தியவர் பெயர் மட்டும் அந்தத் திருத்தத்தோடு என்றைக்கும் நிற்கும். கூலி என்று சொன்னால் அது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் அவள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாற்பத்திரண்டு. இன்னும் நேரம் இருக்கிறது. பதினொன்றரைக்குப் புதிய பதிப்பு வெளியாகிறது, அதுவும் தானாகவே, அதற்குள் பச்சையானவை எல்லாம் உள்ளே, ஆகாதவை அடுத்த பதிப்பில், அடுத்தது ஆறு மாதம் கழித்து. சோதனை ஓட நாற்பது நிமிடம். ஆக, பத்து ஐம்பதுக்குள் பெயரைத் திருத்தித் திரும்ப அனுப்பினால் இன்னொரு நாற்பது நிமிடம் ஓடிப் பதினொன்றரைக்குச் சரியாகப் போய்ச் சேரும். எட்டு நிமிடம். ஒரே ஒரு கட்டளை. எழுதியவர் என்ற இடத்தில் நடனசபாபதி என்று போட வேண்டும். சற்றுமுன் இதே மாற்றத்தை அனுப்பும்போதே அதைத் தட்டினாள், முழுக்கத் தட்டினாள், அப்பாவின் மின்னஞ்சல் முகவரி வரைக்கும். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ஏன் அழித்தாள்? அந்த மாரெக் என்ன நினைப்பான் என்றுதான். மாரெக் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருவன், செக் நாட்டில் ஏதோ ஓர் ஊர், முகம் கூடத் தெரியாது, படத்தில் ஒரு நாய் இருக்கிறது. அந்த நாய் தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று பயந்துபோய்ப் பெற்றவர் பெயரை அழித்தவள் நீ. மங்கை தன்னையே நீ என்று கூப்பிட்டுத் திட்டிக்கொள்வது இந்த மூன்று மாதப் பழக்கம். வீட்டில் திட்ட வேறு யாரும் மிச்சமில்லை. அம்மா போய் ஒன்பது வருடம். அப்பா போனது தை மாதம், இப்போது சித்திரை, பொன்மலையில் காலை பத்தரைக்கே தரை சுடுகிறது. மின்விசிறி வெந்நீரைக் கலக்குவதுபோலக் காற்றைக் கலக்குகிறது. பதினேழில் இரண்டு.

அப்பா திருச்சி ஜங்ஷனில் விசாரணை கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரக்கப்பரக்க ஓடிவருகிறவர்களுக்கு எந்த வண்டி, எத்தனை மணி, எந்த பிளாட்பாரம் என்று சொல்கிற வேலை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல மாட்டார். ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் அடுத்தது. "மொத நம்பர் உள்ள போயி உக்காரணும்மா, அதுக்குள்ள ரெண்டாவத தள்ளுனா ரெண்டும் கீழ விழுந்துடும்," என்பார். ஓய்வுபெற்ற மூன்றாவது வருடம் கண்ணில் அழுத்தம் என்றார்கள், டாக்டரிடம் போவதற்குள் பாதிப் பார்வை போயிருந்தது, மீதி போக இரண்டு வருடம் பிடித்தது. அவள் சென்னையைக் காலி செய்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை என்று இங்கே வந்தாள். அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கி, இந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். பெரிய கடமை முடிந்த திருப்தி. இரண்டாம் நாளே அப்பா சொன்னார், "என்னம்மா இது, நம்பர் வந்தா மூச்சு விடாம கொட்டுது? போன் நம்பரு, மாத்திரை, ரயில் டைம் எல்லாம் ஒரே குழம்பு." அது அப்படித்தான் அப்பா, பழகிடும், என்றாள். பழகவில்லை. எழுதியவர்களுக்குச் சொல்லலாமா என்றார். அவர்கள் ஆயிரம் பேர் சொல்வதைக் கேட்க மாட்டார்கள் என்றாள். அப்படியானால் நானே திருத்தலாமா என்று அறுபத்துநாலு வயதில், கண் தெரியாமல், விசாரணை கவுண்டர்க்காரர் கேட்டபோது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு. பன்னிரண்டு வருடம் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவளின் சிரிப்பு. "அப்பா, அது நீங்க நினைக்கிற மாதிரி லேசு இல்ல." மறுவாரம் அடுத்த அறையிலிருந்து அந்த இயந்திரக் குரல் அடைப்புக்குறி, அடைப்புக்குறி, கால்புள்ளி என்று ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தது. எட்டு மாதம் படித்தது. அவள் மீட்டிங்கில் இருக்கும்போதெல்லாம் படித்தது. "அப்பா, ஹெட்ஃபோன் போட்டுக்குங்களேன், ப்ளீஸ்." போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அந்த அறையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவ்வப்போது எட்டிப் பார்த்து ஏதாவது சொல்வார், ஏதாவது கேட்பார், இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ம் என்பாள். ம். அந்த ஒரு சத்தத்தை வைத்துத்தான் கடைசி எட்டு மாதமும் அப்பாவோடு குடித்தனம் நடத்தினாள் என்று சொன்னால் தப்பில்லை. சாப்பிட்டியா, ம். மழை வரும் போல, ம். ஒரு நாள் வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, "மங்கை, அந்த வேலை முடிஞ்சுதும்மா. அனுப்பிடலாமா? நீ ஒரு தடவ பாத்துட்டு அனுப்பிடு," என்றார். ம் என்றாள். என்ன கேட்டார் என்பதே அவளுக்கு அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ம்-மை நம்பி ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறார். பத்தாம் நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பத்து நாற்பத்தேழு. பதினேழில் நான்கு. கட்டளையைத் தட்ட அரை நிமிடம் போதும். சரி, தட்டிவிட்டு மாரெக்கிடம் என்ன சொல்வது? அங்கேதான் மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் அதே முள்ளில். பெயர் மாறியது முதலில் நிஜமாகவே தவறுதான், அதில் சூது இல்லை, அதை அவள் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வாள். இல்லை, சொல்வாளா? ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் என்ன செய்தேன் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதற்குப் பெயர் கமிட். குறிப்போடு தேதியும் எழுதியவர் பெயரும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் கணக்கில் முப்பத்தொரு கமிட்டுகள் கிடந்தன. குறிப்புகள் தமிழில். ஒன்றை மட்டும் கண் ஓரத்தால் பார்த்தாள், இன்று மழை, கரண்ட் இல்லை, பேட்டரியில் பத்து வரி என்று இருந்தது. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்பா பனியனோடு வந்து நின்றதுபோல இருந்தது. அந்தத் திட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகச் சுருக்கி, ஆங்கிலத்தில் ஒழுங்கான குறிப்போடு அனுப்பச் சொல்வார்கள். அவள் மற்றக் குறிப்புகளைப் படிக்காமலே முப்பத்தொன்றையும் மடித்து ஒன்றாக்கித் தன் கம்ப்யூட்டரிலிருந்து சேமித்தாள். சேமிக்கிறவர் யாரோ அவர் பெயர்தான் ஏறும். அதைத் தடுக்க ஒரு சொல் சேர்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு மறந்துவிட்டாள். மறந்ததுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தலை வலித்தது, மறந்தாள். ஆனால் இரண்டு மாதம் கழித்து மாரெக் பதில் போட்டானே, "இதை எழுதியவர் எண்களை உண்மையிலேயே காதால் கேட்டு வாழ்கிறவராக இருக்க வேண்டும், இவ்வளவு கவனமான வேலையைப் பார்த்து வெகுநாளாயிற்று, நன்றி மங்கை" என்று. அப்போது மறதி இல்லை. அப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். இது என் அப்பா செய்தது, அவர் இப்போது இல்லை, பெயரை மாற்றி அனுப்புகிறேன் என்று இரண்டு வரி எழுத வேண்டிய இடத்தில், அந்த நன்றி மங்கையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் எழுதிய எதையும் பார்த்து யாரும் கவனமான வேலை என்று சொன்னதில்லை. பணம் செலுத்தும் பக்கத்தில் பொத்தான் நீலமா பச்சையா என்று மாற்றி மாற்றிப் போட்ட வாழ்க்கை. அவளுக்கு இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது. நன்றி என்று ஒரு சொல் எழுதினாள், அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கஷ்டமாயிற்று. இன்றைக்குச் சொன்னால் மூன்று வாரம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பான். கேட்க மாட்டான், அந்த ஊர்க்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள், வருத்தம் தெரிவித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள், அது இன்னும் மோசம்.

பத்து நாற்பத்தொன்பதுக்கு எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள். மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது, காலையிலிருந்து வராத நினைவு. மோட்டார் உறுமியது. அடுக்களையில் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது பத்து ஐம்பத்து மூன்று. இனி திருத்தி அனுப்பினால் பதிப்பு தவறிவிடும். நெஞ்சில் ஏதோ லேசானது, அதைக் கவனித்தாள், தேர்வு மணி அடித்ததும் எழுதாத பதிலைப் பற்றிய கவலை விட்டுப்போகுமே அந்த லேசு, அதைக் கவனித்ததும் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. இப்போது இருப்பது இரண்டே வழி. நிறுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் சேர்வது நிற்கும், அப்பா பெயரை நிதானமாகப் போடலாம், மாரெக்கிடம் அழுது ஆற்றலாம், ஆனால் ஆறு மாதம். அல்லது சும்மா இருப்பது. சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆறு மாதம் என்றால் கிருபாகரன் சார். காலையில் எட்டரைக்கே போன் செய்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லை, அப்பாவுக்குப் பார்வை போன பிறகு கிடைத்த ஒரே நண்பர். அப்பா ஒவ்வொரு திருத்தத்தையும் அவருக்குத்தான் போட்டுக்காட்டிக் கேட்பார். "இன்னிக்கு வந்துரும்லம்மா?" என்றார். பதினொன்றரைக்கு சார் என்றாள். "எனக்கு மட்டும் இல்ல, எங்க பார்வையற்றோர் சங்கத்துல நாப்பது பேரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சபாபதி முடிச்சுட்டாரு, முடிச்சுட்டாருன்னு நாந்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." சென்ற மாதம் அவருக்கு இன்சுலின் அளவை மகள் மஸ்கட்டிலிருந்து எழுதி அனுப்பியிருந்தாள், நாலு, பத்து, ஆறு, வேளைக்கு ஒன்றாக. கம்ப்யூட்டர் அதை ஒரே இழுப்பாக இழுத்துப் படித்தது. எது முடிந்து எது தொடங்குகிறது என்று பிரிபடாமல் காலையில் பத்தைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் பால் பாக்கெட் கொடுக்க வந்தபோது வேர்த்துக் கொட்டித் தரையில் கிடந்திருக்கிறார். "சபாபதி என் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்த திருத்தம் இருந்துச்சேன்னு நெனச்சேன், அது அப்டேட்ல போயிருச்சும்மா," என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். நாற்பது பேர். நாற்பது பேர் ஆறு மாதம் காத்திருக்கட்டும், என் மனசு சுத்தமாக வேண்டும் என்பதா? அப்பாவைக் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பேர்ல என்னம்மா இருக்கு, வண்டி கெளம்பட்டும், என்பார். அப்பா அப்படிச் சொல்வார் என்பதே இவளுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது. செத்துப்போனவர் வாயில் தனக்குத் தோதான பதிலை வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம். உயிரோடு இருந்தபோது அவர் சொன்னதைக் கேட்காதவள் இப்போது சொல்லாததைக் கேட்கிறாள். பதினொன்று ஐந்து. பதினேழில் பத்து. ஒன்று தோற்றுவிடக்கூடாதா என்று நினைத்தாள். ஏதாவது ஒரு சோதனை சிவப்பாகிவிட்டால் யார்மேலும் பழி இல்லை, தெய்வமே பார்த்துத் தடுத்ததாகிவிடும். தோற்காது. அப்பா எழுதியது தோற்காது. அவர் ஒன்றைப் பத்துத் தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்.

இன்று காலை எதற்காகத் திரும்ப அனுப்ப வேண்டி வந்தது? ஒரு வரிக்காக. அப்பா எழுதியதில் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே விடும் இடைவெளி முந்நூற்று நாற்பது மில்லிசெகண்ட், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மாரெக் நேற்றுக் கேட்டிருந்தான், "ஏன் முந்நூற்று நாற்பது? முந்நூறு ஏன் இல்லை? காரணம் இருந்தால் நிரலிலேயே ஒரு வரி எழுதிவிடு, நாளை முழுவதும் நான் மலையேறப் போகிறேன், அந்த வரி வந்து சோதனை தேறியதும் தானாகச் சேர்ந்துகொள்ளும்படி வைத்துவிட்டேன்." அவளுக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று எழுதினால் எழுதியவள் நீயில்லையா என்று வரும். குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லை, தோராயமாகத் தேர்ந்தெடுத்தது என்று எழுதினாள். இதுதான் அவள் அப்பாவின் நிரலில் எழுதிச் சேர்த்த ஒரே வரி. முப்பத்தொரு கமிட்டில் அவளுடைய சொந்தச் சரக்கு இவ்வளவுதான். இப்போது அது உறுத்தியது. அப்பா தோராயமாக எதையும் செய்கிறவர் இல்லை. ரசத்துக்கு உப்பு கேட்டால்கூட முக்கால் கரண்டி, தலை தட்டி என்பார். காரணம் இருக்கும். எங்கேயாவது எழுதி வைத்திருப்பார். எங்கே என்று அவளுக்குத் தெரியும், மூன்று மாதமாகத் தெரியும். அப்பாவின் கணக்கு அழியாமல் இருக்கிறது, அந்த முப்பத்தொரு குறிப்பும் வரிசையாக அப்படியே இருக்கின்றன, ஒரு சொடுக்குத் தூரம். அந்தப் பக்கத்துக்கு இதுவரை அவள் போகவில்லை. பயம். அதில் தன்னைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று பயம். பதினொன்று பன்னிரண்டுக்குத் திறந்தாள். காரணத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தாள்.

முதல் குறிப்பு: வணக்கம். இது என் முதல் சேமிப்பு. ஒன்றும் மாற்றவில்லை, மாறுகிறதா என்று பார்த்தேன். நான்காவது: நேற்று எழுதியது தவறு, யாரும் பார்க்குமுன் திருத்திவிட்டேன். ஒன்பதாவது: மங்கைக்கு வேலை அதிகம். இந்த வரியை அவளிடம் கேட்கவில்லை, மூன்று நாளில் நானே கண்டுபிடித்தேன், அவளிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. பன்னிரண்டாவது: சொன்னேன். ம் என்றாள். மாடியில் தண்ணீர் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது, வழிந்து பக்கத்துச் சுவரில் விழுகிற சத்தம், கேட்டது ஆனால் அது என்ன சத்தம் என்று மண்டையில் ஏறவில்லை. பதினெட்டாவது: சார் வீட்டில் போட்டுக் காட்டினேன், இடைவெளி இருநூறு குறைவு, ஐந்நூறு தூங்க வைக்கிறது என்றார். இருபத்திரண்டாவது: கவுண்டரில் எவ்வளவு விட்டேன் என்று யோசிக்கிறேன். அங்கே முகம் பார்த்து விட்டேன், இப்போது முகம் இல்லை. "மங்கை! மோட்டார ஆஃப் பண்ணும்மா, எங்க செவுரு பூரா நனையுது!" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கத்தினார், இவள் ம் என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே, யாருக்கும் கேட்காத குரலில். இருபத்தேழாவது குறிப்பு நீளமாக இருந்தது. மங்கையிடம் வெவ்வேறு சமயம் பதினொரு முறை பேசினேன். அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்து அளந்தேன், மன்னிக்கவும். நான் சொல்லி முடித்ததற்கும் அவள் ம் என்பதற்கும் நடுவே சராசரி முந்நூற்று நாற்பது மில்லிசெகண்ட். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குள் போய்ச் சேர இவ்வளவு நேரம் ஆகிறது. ம் வந்துவிட்டால் கேட்டுவிட்டாள் என்று அர்த்தம், பிறகு தைரியமாக அடுத்ததைச் சொல்லலாம். இதையே வைத்துவிட்டேன்.

படித்தாள். மறுபடி படித்தாள். ஒன்றும் கேட்கவில்லையே அப்பா, என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தப் பதினொரு தடவையும் ஒன்றும் கேட்கவில்லை. எதுவும் உள்ளே போகவில்லை. அது கேட்டதற்கு ஆன நேரம் இல்லை, கேட்டதாகக் காட்டிக்கொள்ள ஆன நேரம். அதைப்போய் அளந்து, நம்பி, கண் தெரியாத ஒருவர் எட்டு மாதம் உட்கார்ந்து உலகத்துக்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இனி எங்கெங்கோ யார் யார் காதிலோ, ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும், அவள் கேட்காமல் இருந்த நேரம் ஓடும். அதற்குப் பக்கத்தில் காரணம் எதுவும் இல்லை என்று அவள் கையால் எழுதியிருக்கும். அந்த வரி. அந்த வரியையாவது. நிறுத்து பொத்தான் எங்கே, அந்தப் பக்கம் எங்கே, எத்தனை பக்கங்கள் திறந்து கிடக்கின்றன, கண் கலங்கி எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, துடைத்தாள், சரியான பக்கத்துக்கு வந்தபோது பொட்டு பச்சையாக இருந்தது. பதினொன்று பத்தொன்பது. ஒரு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. பதினேழில் பதினேழு. சேர்க்கப்பட்டது. எழுதியவர், மங்கை ந. கீழே ஒரு சின்னப் பட்டாசுப் படமும், உங்கள் முதல் பங்களிப்புக்கு வாழ்த்துகள் என்று தானாக வந்த வரியும். நிறுத்து பொத்தான் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியாயிற்று. கொஞ்ச நேரம் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றாள். மாரெக்குக்கு எழுதலாம், எழுதத்தான் வேண்டும், நடந்ததை எல்லாம் எழுதினால் அவன் எங்காவது ஒரு பட்டியலில் அப்பா பெயரைச் சேர்ப்பான், நன்றி என்ற தலைப்பின் கீழ் ஐம்பதாவது ஆளாக. எழுதியவர் என்ற இடம் இனி மாறாது. அதை உலகம் பூராவும் ஆயிரம் கம்ப்யூட்டர்கள் இந்நேரம் நகல் எடுத்திருக்கும். எழுதுவாளா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. போன் அடித்தது. கிருபாகரன் சார். எடுக்காமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது, ஐந்தாவது மணியில் எடுத்தாள். "மங்கைம்மா, பதினொன்றரை ஆயிருச்சு. வந்துருச்சா?" வந்துவிட்டது சார் என்றாள். அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. "சபாபதி இருந்து கேட்டிருக்கணும்மா," என்றார். பிறகு, "அவரு பேரு போட்டிருக்காங்கல்ல? எழுதுனவருன்னு அவரு பேரு வரும்னு சொல்லுவாரு. அது ஒண்ணுதாம்மா அவருக்கு ஆசை. எங்கிட்ட மட்டும் சொல்லுவாரு, மககிட்ட சொன்னா சிரிக்கும்னு."

மங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே தொட்டியிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ம்," என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சாயந்திரம் சங்கத்தில் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, எழுதியவர் பெயரோடு சத்தமாகப் படிக்க வைக்கப்போவதாகவும், அவளும் அவசியம் வர வேண்டும் என்றும் சொன்னார்.